விலக்கில் விளைந்த இனிப்பு

யோம் கிப்பூர் யூதர்களின் பாவமன்னிப்பு நாள். அன்று ஏறத்தாழ 25 மணி நேரம் அன்னம் தண்ணீர் இல்லாமல் நோன்பு இருப்பார்கள். பொழுது சாய்ந்து, வானத்தில் மூன்று நட்சத்திரங்கள் தெரிந்த பிறகுதான் நோன்பு முடியும். அந்த இரவில் அமெரிக்க யூத வீடுகள் பலவற்றில் சாப்பாட்டு மேசைக்கு ஒரு செவ்வகத் தட்டு வந்துசேரும். மேற்பரப்பு பொன்னிறமாக, ஓரங்களில் சற்றுக் கருகிய பழுப்பாக இருக்கும். கத்தியை இறக்கினால் மேல்தோல் மொறுமொறுவென்று உடையும். உள்ளே வெளிர் மஞ்சளாக இறுகிய பால், அதற்குள் படுக்கை படுக்கையாக அகல நூடுல்ஸ், இடையிடையே ஊறி உப்பிய உலர் திராட்சை. வெண்ணெயும் பட்டையும் கலந்த வாசம் அறை முழுவதும் பரவும். இதுதான் பால் சேர்த்த நூடுல்ஸ் குகெல்; கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யிட்டிஷ் மொழியில் லோக்ஷென் குகெல். சேமியா பாயசம் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பாலும் சேமியாவும் சர்க்கரையும் கூடுவதில் வியப்பு இருக்காது. ஆனால் குகெல் ஓடாது, நிற்கும். முட்டையால் இறுகி, துண்டு போடும் பதத்துக்கு வந்துவிடும். இனிப்பாக இருந்தாலும் சாப்பாட்டின் முடிவுக்குக் காத்திராமல், மற்றப் பண்டங்களோடு சேர்ந்தே பரிமாறப்படும்.

இதைப் பாரம்பரிய உணவு என்கிறார்கள். ஆனால் இதற்கு வாங்கும் சாமான்களைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருந்துமா என்று சந்தேகம் வரும். கிரீம் சீஸ் அமெரிக்காவில் வணிகப் பொருளானது 1870களில். பல வீடுகளில் மேலே நொறுக்கித் தூவும் கார்ன்ஃப்ளேக்ஸ் 20ஆம் நூற்றாண்டின் சரக்கு. சிலர் சேர்க்கும் அன்னாசித் துண்டுகள் ஹவாய்த் தீவுகளின் தகர டப்பா தொழில் வளர்ந்த பிறகு வந்தவை. நூடுல்ஸ் கடையில் வாங்கிய பாக்கெட். இவற்றில் எதுவும் எருசலேமிலோ பழைய போலந்துக் கிராமத்திலோ இருந்து நேராக வந்ததில்லை. அப்படியானால் இதில் மரபு எங்கே இருக்கிறது? ஒரு பண்டத்தின் மரபை அதன் பொருட்பட்டியலில் தேடுவது தவறு என்பதே என் வாதம். அது எந்தப் பந்தியில் வைக்கப்படுகிறது, எதனோடு வைக்கப்படுவதில்லை, எப்போது சமைக்கப்பட்டு எப்போது உண்ணப்படுகிறது என்பதில்தான் மரபு தங்கியிருக்கிறது. குகெல் தன் பொருள்களில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டது. அதை உருவாக்கிய விதிகளை மட்டும் விடவில்லை.

முதல் விதி பாலையும் இறைச்சியையும் பற்றியது. தாயின் பாலிலேயே அதன் குட்டியைச் சமைக்கலாகாது என்ற விலக்கு யூத வேதமான தோராவில் மூன்று இடங்களில் வருகிறது: யாத்திராகமத்தில் இருமுறை, உபாகமத்தில் ஒருமுறை. ஒரே கட்டளை ஏன் மூன்று முறை என்று கேட்ட பழைய யூத மறை ஆசிரியர்களான ரபிகள், இரண்டையும் சேர்த்துச் சமைக்கக் கூடாது, சேர்த்து உண்ணக் கூடாது, அந்தக் கலவையால் வேறு எந்தப் பயனும் அடையக் கூடாது என்று மூன்று பொருள் கொண்டார்கள். பிறகு கோழி இறைச்சியும் இந்த விலக்குக்குள் வந்தது. இதனால் விதியைக் கடைப்பிடிக்கும் வீட்டில் இரண்டு சமையலறைகள் ஒன்றுக்குள் ஒன்றாக இயங்குகின்றன. பாலுக்குத் தனிப் பானை, தனிக் கரண்டி, தனித் தட்டு, இறைச்சிக்கு வேறு. கைமாறிப் போகாமல் இருக்கப் பல வீடுகளில் ஒன்றுக்கு நீலம், மற்றதற்குச் சிவப்பு என்று நிற அடையாளமும் உண்டு. இறைச்சி சாப்பிட்ட பிறகு பால் தொடுவதற்குக் காத்திருக்கும் நேரம் இடத்துக்கு இடம் வேறுபடும்: கிழக்கு ஐரோப்பிய மரபில் ஆறு மணி நேரம், ஜெர்மானிய மரபில் மூன்று, டச்சு யூதரிடம் ஒன்று. முட்டை, மீன், தானியம், காய், பழம், எண்ணெய் ஆகியவை இரு பக்கமும் சேராதவை. இவற்றுக்குப் பாரெவ் என்று பெயர். நூடுல்ஸ் பாரெவ் வகை. அதைக் கொழுப்பில் சுட்டால் இறைச்சிப் பந்திக்குப் போகும். வெண்ணெயில் சுட்டால் பால் பந்திக்குப் போகும். குகெலின் முழு வரலாறும் இந்த ஒரு பிரிவிலிருந்து கிளைக்கிறது.

இரண்டாவது விதி நெருப்பைப் பற்றியது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இரவு வரை ஷபாத் என்னும் ஓய்வுநாள். அப்போது தீ மூட்டுவதும் சமைப்பதும் கூடாது. ஆனாலும் ஓய்வுநாளின் மதியச் சாப்பாடு சூடாக, சிறப்பாக இருக்க வேண்டும் என்பது ஆசையும் மரபும். இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்ததுதான் இரவு முழுவதும் மெல்லிய சூட்டில் வேகும் குழம்பு. கிழக்கு ஐரோப்பாவில் அதன் பெயர் சோலென்ட். ஜெர்மன் பகுதியில் ஷாலெட். வெள்ளி மாலை பானையை மூடி, ஊர் ரொட்டிச் சூளையில் வைத்துவிட்டு, மறுநாள் மதியம் எடுத்து வருவார்கள். இடைக்கால ஜெர்மனியில் அந்தக் குழம்புப் பானைக்குள் ரொட்டி, மாவு, முட்டை, கொழுப்பு சேர்த்துப் பிசைந்த உருண்டை ஒன்றும் போகும். அல்லது அந்தக் கலவை சிறு ஜாடியில் அடைபட்டுப் பானைக்குள் இறங்கும். ஆவியில் வெந்து, குழம்பின் சாரத்தை இழுத்துக்கொண்டு அது வெளியே வரும். ஜெர்மன் மொழியில் குகெல் என்றால் உருண்டை, கோளம். இன்று குகெல் செவ்வகத் தட்டில் சதுரத் துண்டுகளாக வெட்டப்படுகிறது. வடிவம் போய்ப் பல தலைமுறைகள் ஆகியும் பெயர் அதே உருண்டைதான். ஷாலெட்டின் சுவையைக் கவிஞர் ஹைன்ரிஹ் ஹைன 1851இல் வெளியான தம் தொகுப்பில் ஓய்வுநாளை இளவரசியாக்கிய கவிதையில் போற்றியிருக்கிறார். அடுக்களைப் பண்டம் ஒன்று இலக்கியம் வரை ஏறியதற்குக் காரணம் அது உண்ணப்பட்ட நாள்தான்.

ரொட்டியின் இடத்தை நூடுல்ஸ் பிடித்தது அடுத்த மாற்றம். லோக்ஷென் என்ற யிட்டிஷ் சொல்லின் வேரை மொழியறிஞர்கள் ஸ்லாவிய மொழிகள் வழியாகவும் துருக்கிய மொழிகள் வழியாகவும் பாரசீகம் வரை கொண்டுபோகிறார்கள். நூடுல்ஸ் கிழக்கிலிருந்து நடந்து வந்த பாதையும் ஏறத்தாழ அதுதான். கோதுமை மாவில் முட்டை உடைத்து ஊற்றி, நீர் அதிகம் சேர்க்காமல் கெட்டியாகப் பிசைந்து, பலகையில் காகிதம்போல் தேய்த்து, துணிமேல் சற்று உலரவிட்டு, பாய்போல் சுருட்டி, கத்தியால் நறுக்கி உதறினால் லோக்ஷென். பிறகு இனிப்பு வந்தது. பெர்லினில் ஆண்ட்ரேயாஸ் மார்க்கிராஃப் 1747இல் பீட் கிழங்கில் சர்க்கரை இருப்பதைக் கண்டார். அவருடைய மாணவர் ஃபிரான்ஸ் கார்ல் ஆஹார்ட் 1800களின் தொடக்கத்தில் சைலீசியாவில் அதற்கு ஆலை எழுப்பினார். 19ஆம் நூற்றாண்டில் போலந்தில் பீட் சர்க்கரைத் தொழில் பரவ, எட்டாத பொருளாக இருந்த சர்க்கரை சாதாரண வீட்டு அலமாரிக்கு வந்தது. போலந்து, கலீசிய யூதர்கள் மீனில்கூடச் சர்க்கரை சேர்த்தார்கள். வடகிழக்கே லிதுவேனிய யூதர்கள் மிளகோடு நின்றார்கள். மொழியியலாளர் மார்வின் ஹெர்ட்ஸாக் 1965இல் வெளியிட்ட ஆய்வில், இனிப்பு மீனையும் மிளகு மீனையும் பிரிக்கும் எல்லைக்கோடு யிட்டிஷ் வட்டார வழக்குகளைப் பிரிக்கும் கோட்டோடு ஏறக்குறைய ஒன்றிப்போவதைக் காட்டினார். ஒரு பக்கம் குகெல் என்று உச்சரித்தால் மறுபக்கம் கிகெல் என்பார்கள். நாக்கின் சுவையும் நாவின் உச்சரிப்பும் ஒரே எல்லையில் திரும்பின.

ஆனால் அந்த இனிப்புக் குகெலிலும் பால் வரவில்லை. காரணம் எளிது. ஷபாத் சாப்பாடு வழக்கமாக இறைச்சிப் பந்தி. அதன் பக்கத்தில் வைக்கும் குகெல் வாத்துக் கொழுப்பிலோ கோழிக் கொழுப்பிலோ எண்ணெயிலோதான் வெந்தாக வேண்டும். எருசலேமில் குடியேறிய ஐரோப்பிய யூதர்களிடையே புகழ்பெற்ற எருசலேம் குகெல் இதற்கு நல்ல சாட்சி. எண்ணெயில் சர்க்கரையைக் கருக்காமல் செம்பழுப்பாக உருக்கி, மெல்லிய நூடுல்ஸில் புரட்டி, தாராளமாக மிளகு சேர்த்து, முட்டையால் கட்டி, இரவு முழுவதும் சுடுவார்கள். இனிப்பும் காரமும் உண்டு. பால் ஒரு துளியும் இல்லை. ஆகவே பால் குகெல் தனக்கென்று வேறு பந்தி தேட வேண்டியிருந்தது. அது கிடைத்தது ஷாவுஓத் பெருநாளில். பஸ்கா பண்டிகைக்கு ஏழு வாரம் கழித்து, தோரா அருளப்பட்டதைக் கொண்டாடும் நாள் அது. அன்று பால் உணவு உண்பது வழக்கம். உணவு விதிகளை அன்றுதான் பெற்றதால் பழைய இறைச்சிப் பாத்திரங்களைப் பயன்படுத்த முடியாமல் பாலை உண்டார்கள் என்பது மரபு சொல்லும் காரணங்களில் ஒன்று. அது கன்று ஈன்று பால் பெருகும் பருவம் என்பதும் உண்மை. மிஞ்சும் பாலைத் திரித்துப் பாலாடைக் கட்டியாக்கும் வேளையில் நூடுல்ஸோடு அது சேர்வது இயல்பே.

20ஆம் நூற்றாண்டில் பால் பந்தி வீட்டை விட்டுத் தெருவுக்கும் வந்தது. இறைச்சியே சமைக்காத பால் உணவகம் என்பது யூத நகரங்களில் தனி வகையாக வளர்ந்தது. பால், முட்டை, மீன், காய் மட்டும் இருந்தால் விதிமீறலுக்கு வழியே இல்லை அல்லவா? வில்னா நகரில் அப்படி ஓர் உணவகம் நடத்திய ஃபான்யா லெவாண்டோ, 1938இல் யிட்டிஷ் மொழியில் 400 சைவக் குறிப்புகள் கொண்ட சமையல் நூலை வெளியிட்டார். வெண்ணெயும் புளித்த பாலேடும் தாராளமாகப் புழங்கும் புத்தகம் அது. சில ஆண்டுகளுக்குள் போர் வந்தது. அவர் அந்தப் போரில் மறைந்தார். அவர் சமைத்த நகரத்தின் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் இனப்படுகொலையில் மறைந்தார்கள். பிழைத்த பிரதிகள் மூலம் குறிப்புகள் நமக்கு எஞ்சின. கடலுக்கு அப்பால், நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் 1905இல் தொடங்கிய ராட்னர்ஸ் போன்ற பால் உணவகங்கள் அதே வகையைப் பல பத்தாண்டுகள் நடத்தின. 1881 முதல், குடியேற்றத்தை இறுக்கிய 1924ஆம் ஆண்டுச் சட்டம் வரை, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அமெரிக்கா வந்தார்கள். அவர்களோடு வந்த பால் குகெல் அங்கே மூன்று புதிய வசதிகளைக் கண்டது: வருடம் முழுவதும் கிடைக்கும் மலிவான ஆலைப் பால்பொருள்கள், வீட்டுக்குள்ளேயே வெப்பம் கட்டுப்படும் எரிவாயு ஓவன், குளிர்சாதனப் பெட்டி. பருவத்துக்கு ஒருமுறை கிடைத்த பண்டம் எந்த நாளிலும் செய்யலாம் என்றானது.

இனி செய்முறைக்கு வருவோம். இதன் நுட்பமும் என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. 33க்கு 23 சென்டிமீட்டர் தட்டு ஒன்றுக்கு அகலமான முட்டை நூடுல்ஸ் 350 கிராம் போதும். உப்பு நீரில் முக்கால் வேக்காட்டில் வடித்துவிட வேண்டும். மிச்ச வேக்காட்டை ஓவனில் பாலின் ஈரம் பார்த்துக்கொள்ளும். முழுக்க வெந்ததைப் போட்டால் குழைந்து கூழாகிவிடும். வடித்த சூட்டோடு 100 கிராம் வெண்ணெயைப் போட்டுப் புரட்டினால் நாடாக்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. இன்னொரு பாத்திரத்தில் 225 கிராம் கிரீம் சீஸைக் கட்டியில்லாமல் குழைத்து, 450 கிராம் காட்டேஜ் சீஸ், அதே அளவு சவர் கிரீம், 175 கிராம் சர்க்கரை, வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு சேர்க்க வேண்டும். காட்டேஜ் சீஸ் என்பது பாலைத் திரித்து, அழுத்தாமல் உதிரியாக விட்ட பனீர் போன்றது. சவர் கிரீம் புளித்த பாலேடு. பிறகு ஐந்தாறு முட்டை. யூத உணவு விதிகளைக் கடைப்பிடிக்கும் கோஷர் சமையலறையில் முட்டையை நேராகக் கலவையில் உடைப்பதில்லை. ஒவ்வொன்றையும் தனியாக ஒரு கண்ணாடிக் குவளையில் உடைத்து, வெளிச்சத்தில் குவளையைச் சுற்றிப் பார்த்து, இரத்தப் பொட்டு இல்லை என்று தெரிந்த பிறகே கலவையில் சேர்ப்பார்கள். பொட்டு இருந்தால் அந்த முட்டை குப்பைக்குப் போகும். மற்ற முட்டைகளும் கலவையும் தப்பும். இரத்தம் விலக்கப்பட்டது என்ற விதி இங்கே ஒரு குவளையாக, மணிக்கட்டின் ஒரு சுழற்சியாக மாறியிருக்கிறது. விதி நூலைத் திறந்தே பார்க்காத பாட்டியின் கையும் அந்தச் சுழற்சியைத் தவறவிடாது.

நூடுல்ஸையும் கலவையையும் ஒரு கைப்பிடி உலர் திராட்சையையும் சேர்த்து, வெண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, மேலே பட்டைத் தூளும் சர்க்கரையும் தூவி, 175 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுட வேண்டும். உள்ளே நடப்பது ஒரு நிதானமான வேலை. முட்டையின் புரதங்கள் சூட்டில் அவிழ்ந்து, ஒன்றையொன்று பற்றி வலையாகின்றன. அந்த வலைக்குள் பாலின் நீர் சிறைப்படுகிறது. பாலும் முட்டையும் மட்டும் உள்ள கலவை 80 டிகிரி வாக்கில் இறுகி, அதற்குச் சற்று மேலே போனதும் திரிந்து நீர் விட்டுவிடும். குகெலில் நூடுல்ஸிலிருந்து கசியும் மாவுச்சத்து அந்தப் புரதங்களுக்கு நடுவில் நின்று அவை அளவுக்கு மீறி இறுகாமல் தடுக்கிறது. பால்பொருள்களின் கொழுப்பும் உதவிக்கு வருகிறது. கைப்பழக்கம் குறைந்தவர் செய்தாலும் குகெல் பெரும்பாலும் கெடாமல் வருவதற்கு இதுவே காரணம். மேலே தலைநீட்டிய நாடாக்கள் மட்டும் ஈரம் இழந்து, புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பேறி முறுகும். தட்டை அசைத்தால் நடுப்பகுதி லேசாகத் தளும்ப வேண்டும். அப்போது எடுத்தால் உள்ளிருக்கும் சூடே மிச்சத்தை முடித்துவிடும். எடுத்ததும் வெட்டக் கூடாது. 20 நிமிடம் பொறுத்தால் துண்டு நிற்கும். முழுதும் ஆறி, மறுநாள் வெட்டினால் ஓரம் கத்திபோல் நேராக இருக்கும். இந்தக் கடைசிக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு வயதைப் பற்றியது. கார்ன்ஃப்ளேக்ஸும் டப்பா அன்னாசியும் சேர்ந்த இந்தப் பால் குகெல் அமெரிக்கப் புறநகரின் கண்டுபிடிப்பு. நூறு வயதுகூட ஆகாத ஒன்றை மரபு என்பது வியாபாரப் பேச்சு என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. இன்றைய வடிவம் அமெரிக்காவில்தான் முழுமை பெற்றது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பொருளின் வயதே அளவுகோல் என்றால் பீட் சர்க்கரை வந்த நாளிலேயே குகெல் மரபை இழந்திருக்க வேண்டும். நூடுல்ஸ் ரொட்டியை விரட்டிய நாளில் அதற்கும் முன்பே இழந்திருக்க வேண்டும். பஸ்கா வாரத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அந்த நாட்களில் புளிக்கக்கூடிய தானிய உணவு வீட்டில் இருக்கவே கூடாது. சாதாரணக் கோதுமை நூடுல்ஸும் அதில் அடக்கம். ஆனால் குகெல் நின்றுவிடுவதில்லை. மாவும் நீரும் கலந்த 18 நிமிடத்துக்குள் சுட்டெடுத்த மட்ஸா ரொட்டியை நொறுக்கி ஊறவைத்தோ, உருளைக்கிழங்கைத் துருவியோ அதே முட்டை, அதே தட்டு, அதே சூட்டில் குகெல் செய்கிறார்கள். தன் முதன்மைப் பொருளையே ஆண்டுக்கு ஒரு வாரம் கைவிட்டும் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் பண்டத்தைப் பொருளை வைத்து எப்படி அளப்பது?

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. பாலாடைக் கட்டியோடு நூடுல்ஸ் சேர்த்துச் சுடுவதும் கிளறுவதும் போலந்திலும் ஹங்கேரியிலும் ஜெர்மனியிலும் கிறிஸ்தவ வீடுகளிலும் உண்டு. அண்டை வீட்டாரிடமிருந்து எடுத்ததை யூத உணவு என்று எப்படிச் சொல்லலாம்? எடுத்தது உண்மை, கொடுத்ததும் உண்மையாக இருக்கலாம். ஒரே சந்தையில் வாங்கி, ஒரே குளிரில் அடுப்பு மூட்டியவர்களின் பண்டங்கள் ஒத்திருப்பதில் குறை ஒன்றும் இல்லை. வேறுபாடு தட்டுக்குள் இருப்பதில் இல்லை, தட்டைச் சுற்றி இருப்பதில் இருக்கிறது. அண்டை வீட்டில் அதே பண்டத்தின் பக்கத்தில் வறுத்த பன்றி இறைச்சியையோ புகையிட்ட கொத்திறைச்சியையோ வைக்கத் தடை இல்லை. யூத வீட்டில் பால் சேர்ந்த மறுகணமே அந்தப் பந்தியின் மற்ற எல்லாப் பண்டமும் தீர்மானமாகிவிடுகிறது: மீன் வரலாம், முட்டை வரலாம், கோழி வர முடியாது. சற்று முன்பு கோழி உண்டவரும் அந்தப் பந்தியில் உண்ண முடியாது. ஒரு வெண்ணெய்த் துண்டு முழுச் சாப்பாட்டையும் ஆளும் இந்த ஒழுங்கை அண்டை வீட்டாரிடமிருந்து யாரும் எடுக்கவில்லை.

மூன்றாவதாக, இன்று குகெல் செய்பவர்களில் பலர் இந்த விதிகளைக் கடைப்பிடிப்பதில்லையே, விதியில்தான் மரபு இருக்கிறது என்றால் அவர்கள் செய்வது வெறும் புட்டிங்தானே என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. விதி எழுத்தாக மட்டும் வாழ்வதில்லை, வழக்கமாகவும் வாழ்கிறது என்பதே என் பதில். தனித்தனிப் பாத்திரம் வைக்காத வீட்டிலும் பால் குகெல் யோம் கிப்பூர் இரவில்தான் நினைவுக்கு வருகிறது. மீனோடும் ரொட்டியோடும்தான் மேசைக்கு வருகிறது. இறப்பு நிகழ்ந்த வீட்டில் ஏழு நாள் துக்கம் காக்கும்போது, அடக்கம் முடிந்து திரும்பியதும் உண்ணும் முதல் உணவு துக்கப்பட்டவர்களின் சொந்த உணவாக இருக்கக் கூடாது, அண்டை அயலார் கொண்டுவர வேண்டும் என்பது மரபு. அந்த வாரத்தில் பலர் கைகளில் வந்துசேர்வது குகெல் தட்டுகள்தான். முன்கூட்டியே செய்யலாம், எடுத்துச் செல்லலாம், ஆறினாலும் உண்ணலாம், பலருக்குப் பங்கிடலாம். சட்டம் மறந்தவர்களின் கையிலும் சட்டம் செதுக்கிய வடிவம் எஞ்சியிருக்கிறது. அதே சமயம், விதியைக் கடைப்பிடிப்பவர்கள் அனைவரும் இல்லாமல் போனால், அந்த வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மரபு என்று சொல்லிக் குகெலைப் போற்றுபவர்கள் அதன் பின்னே உள்ள விதியையும் தெரிந்துவைத்திருப்பது அதனால்தான் அவசியம்.

கடைசியாக ஒரு திருத்தம். குகெலை யூத உணவு என்று பொதுவாகச் சொல்வது பிழை. அது கிழக்கு, மத்திய ஐரோப்பிய யூதர்களான அஷ்கெனாஸிகளின் உணவு. ஸ்பெயின் வழி வந்தவர்களுக்கும் ஏமன், ஈராக் யூதர்களுக்கும் அது பிறர் வீட்டுப் பண்டம். ஆனால் இந்தத் திருத்தம் என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. மேற்குக் கடற்கரையின் கொச்சி யூதர்களை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்கும் அதே தோரா, அதே விலக்கு. பால் தொட முடியாத இறைச்சிக் கறிக்கு அவர்கள் தேங்காய்ப் பாலைப் பிழிந்து ஊற்றினார்கள். தேங்காய்ப் பால் பெயரில் மட்டுமே பால். விதிப்படி அது பாரெவ். கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் சமூகமும் கோதுமைப் பாலில் கிண்டும் அல்வாவுக்குத் தேங்காய்ப் பாலையே சேர்த்தது; அந்த இனிப்பை இறைச்சிச் சாப்பாட்டுக்குப் பிறகும் உண்ணலாம். குளிர்நாட்டில் மாட்டுப் பாலும் முட்டையும் நூடுல்ஸும் தனிப் பந்தியாகப் பிரிந்தன. தென்னை நாட்டில் பிரிவே தேவைப்படாத பால் மரத்திலிருந்து கிடைத்தது. இரண்டு பண்டங்களுக்கும் பொதுவான பொருள் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். இரண்டையும் ஆக்கிய கட்டளை ஒன்றே.

விலக்கு என்றால் வெறும் இழப்பு என்று எண்ணும் பழக்கம் நம் காலத்துக்கு உண்டு. குகெல் அந்த எண்ணத்துக்கு எதிரான சாட்சி. யோம் கிப்பூரன்று அடுப்பு மூட்ட முடியாது. ஆகவே நோன்பு தொடங்கும் முன்பே குகெலைச் சுட்டு, ஆறவைத்து, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அதன்பின் ஓர் இரவும் ஒரு பகலும் அதை யாரும் தொட முடியாது. வீட்டார் தொழுகையில் நிற்கும் அந்த நேரமெல்லாம் தட்டுக்குள் முட்டையும் பாலும் மெல்ல இறுகுகின்றன. நூடுல்ஸ் மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பட்டையின் மணம் அடிவரை இறங்குகிறது. மூன்று நட்சத்திரம் தெரிந்து, மூடியைத் திறந்து கத்தியை வைக்கும்போது, நேற்றைய சூட்டில் குலைந்திருக்கக்கூடிய துண்டு இப்போது ஓரம் சிதையாமல் எழுகிறது. காத்திருக்கச் சொன்ன சட்டத்துக்குக் காத்திருந்தால் சிறக்கும் பண்டத்தைத் தேடிப்பிடித்த கைகள் யாருடையவை என்று எந்த ஏடும் சொல்லாது. தலைமுறை தலைமுறையாக வெள்ளிக்கிழமை மாலைக்குள் சமையலை முடித்தாக வேண்டியிருந்த பெண்களின் கைகள்தான் அவை.